ஜப்பானில் யார் முதலிடம்? ஒரு கால்பந்து வீரரின் பிரபலத்தை எப்படி அளக்கிறார்கள்

கசுயோஷி மியுரா உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனாலும் ஜப்பானில் கால்பந்தே பார்க்காத வீடுகளிலும் அவர் பெயர் தெரியும். யாசுஹிதோ எண்டோ ஜப்பான் அணிக்காக 152 ஆட்டங்கள் ஆடியவர். அந்நாட்டு ஆண்கள் அணியில் வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. ஆனால் அவர் ஐரோப்பியக் கிளப் எதற்கும் ஆடாததால், ஐரோப்பிய லீக்குகளை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. தகேஃபுசா குபோ பத்து வயதிலேயே பார்சிலோனாவின் இளையோர் அணிக்குப் போனவர். இன்றைய இளம் ரசிகர்கள் பலருக்கு ஜப்பானியக் கால்பந்து என்றதும் நினைவுக்கு வருவது அவர் முகமும் கவோரு மிதோமாவின் முகமும்தான்.

இந்த நால்வரில் யார் அதிகப் பிரபலம்? நான்கு பேரையும் தனித்தனியாக முதலிடத்தில் வைக்கும் நான்கு பட்டியல்களை யாராலும் தயாரிக்க முடியும். அதற்குப் பொய் சொல்லவே வேண்டாம். கேட்கும் ஆளையும், கேள்வியையும், நாளையும் மாற்றினால் போதும். 'மக்கள் விருப்பப் பட்டியல்' என்று வரும் எதையும் வாசிக்கும்போது இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அந்த எண் வீரரைப் பற்றிச் சொல்வதைவிட, கேட்கப்பட்டவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. அதனால் அந்த எண் வீண் என்று நான் சொல்லவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதிலிருந்து நிறையவே கற்றுக்கொள்ளலாம்.

யாரிடம் கேட்டார்கள்

ஒரு வீரரின் பிரபலத்தை மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது மாதிரிக் கணக்கெடுப்பு. நாட்டில் உள்ள எல்லா வயதினர், எல்லா ஊர்க்காரர்கள் மத்தியிலிருந்து குலுக்கல் முறையில் சில ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் போய்க் கேட்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதே நம்பிக்கைதான். ஆனால் அந்த ஒரு சோறு பானையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரக்கூடியதாக இருக்க வேண்டும். குலுக்கல் முறை எதற்கு என்றால் அதற்குத்தான்.

ஜப்பானில் சசகாவா விளையாட்டு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் மக்களின் விளையாட்டுப் பழக்கங்களைப் பற்றி இப்படிக் கணக்கெடுக்கின்றன. 'உங்களுக்குப் பிடித்த விளையாட்டு வீரர் யார்?' என்பதும் அதில் ஒரு கேள்வி. அண்மை ஆண்டுகளில் அதற்குக் கிடைக்கும் பதிலில் முதலிடம் பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓதானிக்கு. அவருக்கு முன் இந்த மாதிரியான கணக்கெடுப்புகளில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தவர் இச்சிரோ. அவரும் பேஸ்பால்தான். நாட்டு மக்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு பெயர் கேட்டால், பேஸ்பால் நூறு ஆண்டுகளுக்கு மேல் வேரூன்றிய நாட்டில் கால்பந்து வீரர்கள் பின்னால்தான் நிற்பார்கள். 'ஜப்பானில் கால்பந்து வீரர்களுக்கு மவுசு இல்லை' என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒருவருக்கு ஒரு பெயர்தான் என்ற விதி, இரண்டாவதாகப் பிடித்தவர்கள் எல்லோரையும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணக்கில் விருப்பம் இல்லாதவர்களும் இதை ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரிடம் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால்பந்து வீரருக்கு 2 சதவீதம், இன்னொருவருக்கு 1.5 சதவீதம் கிடைக்கிறது. பட்டியலில் ஒருவர் ஏழாவது, மற்றவர் ஒன்பதாவது என்று வரலாம். ஆட்களின் கணக்கில் பார்த்தால் அது 20 பேருக்கும் 15 பேருக்கும் உள்ள வித்தியாசம், வெறும் ஐந்து பேர். ஆயிரம் பேர் கொண்ட மாதிரியில் 2 சதவீதம் என்று வரும் ஒரு விடைக்கு மேலும் கீழும் ஏறக்குறைய 0.9 சதவீதம் வரை ஊசலாட்டம் இருக்கும். அதாவது மறுநாள் வேறு ஆயிரம் பேரிடம் கேட்டால் அந்த இருவரும் இடம் மாறிவிட முழு வாய்ப்பு உண்டு. பட்டியலின் உச்சியில் இருப்பவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த இடத்தை நம்பலாம். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என்று நெருக்கியடித்து நிற்கும் இடங்களை அப்படி நம்ப முடியாது. 'இரண்டு இடம் முன்னேறினார்' என்று தலைப்புச் செய்தி போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. வாசகருக்கு அது பெரிய அநியாயம்.

இரண்டாவது வழி ரசிகர் வாக்கெடுப்பு. இங்கே யாரும் யாரையும் தேடிப் போய்க் கேட்பதில்லை. விருப்பம் உள்ளவர்கள் தாங்களே வந்து வாக்களிக்கிறார்கள். ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஜே லீக் 1993-இல் தொடங்கியபோதே இப்படி ஒரு வழக்கம் ஏற்பட்டது. கிழக்கு அணி, மேற்கு அணி என்று பிரித்து நடத்தும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் வாக்களித்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2007 வரை அந்த கிழக்கு–மேற்கு ஆட்டம் தொடர்ந்தது. கோல்கீப்பர், தடுப்பாட்டக்காரர், நடுக்களம், முன்களம் என்று இடம்வாரியாக வாக்களிக்கும் இந்த மாதிரி முறையில் கோல்கீப்பரின் போட்டி மற்ற கோல்கீப்பர்களோடு மட்டும்தான். அதனால் கோல் அடிக்காத வீரர்களுக்கும் மேலே வர ஒரு வழி இருந்தது. பொதுவான பட்டியலில் அந்த வழி கிடையாது. பிரபலப் பட்டியல் எதை எடுத்தாலும் முன்கள வீரர்களே நிறைந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

வாக்கெடுப்பில் எண்ணிக்கை லட்சங்களில் வரும். அதைப் பார்த்துப் பலர் மயங்கிவிடுகிறார்கள். ஆனால் தாமாக வந்த பத்து லட்சம் வாக்குகளைவிட, குலுக்கலில் எடுத்த ஆயிரம் பேர் நாட்டின் மனதைச் சரியாகச் சொல்வார்கள். தாமாக வருகிறவர்கள் அந்த விஷயத்தில் வெறி பிடித்தவர்கள், நேரம் உள்ளவர்கள், ஒருங்கிணைந்தவர்கள். ஒரு கிளப்பின் ரசிகர் மன்றம் நினைத்தால் தன் வீரரை மேலே தூக்கிவிடலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானிலேயே ஒரு நிகழ்வு உண்டு. கால்பந்தில் இல்லை, பேஸ்பாலில். கென்ஜிரோ கவாசாகி என்ற பந்துவீச்சாளர் 2001-இல் சூனிச்சி டிராகன்ஸ் அணிக்கு வந்தார். தோள்பட்டைக் காயம் காரணமாக 2003 வரை அந்த அணியின் முதல்நிலை ஆட்டம் ஒன்றில்கூட அவரால் பந்து வீச முடியவில்லை. அந்த 2003-இல் இணையத்தில் கூடிய ஒரு கூட்டம், வேண்டுமென்றே அவருக்கு ஆல் ஸ்டார் வாக்குகளைக் குவித்தது. தொடக்கப் பந்துவீச்சாளர் பிரிவில் தன் லீக்கிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டார் கவாசாகி. அவர் அந்த வாய்ப்பை மறுத்துவிட்டார். அதன் பிறகு, ஆல் ஸ்டாருக்குத் தேர்வாக வேண்டுமானால் அந்தப் பருவத்தில் குறைந்தபட்சம் இவ்வளவாவது ஆடியிருக்க வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள். காயத்தோடு போராடிக்கொண்டிருந்த ஒரு மனிதரை வைத்து விளையாடியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ஆனால் ஒன்றை அது தெளிவாகக் காட்டியது. வாக்கெடுப்பில் முதலிடம் என்பதும் மக்கள் மனதில் முதலிடம் என்பதும் ஒன்றல்ல.

கேள்வியும் கூட்டலும்

சரி, நேர்மையாகவே வாக்கெடுப்பு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். வாக்குகளை எப்படிக் கூட்டுகிறார்கள் என்பதில் முடிவே தலைகீழாகலாம்.

நூறு ரசிகர்கள், மூன்று வீரர்கள். முதல் விருப்பம் மட்டும் கேட்டால் முதல் வீரருக்கு 40, இரண்டாமவருக்கு 35, மூன்றாமவருக்கு 25. முதல் வீரரே வெற்றி பெறுகிறார். இப்போது அதே நூறு பேரிடம், மூவரையும் வரிசைப்படுத்தச் சொல்கிறோம். முதல் விருப்பத்துக்கு 3 புள்ளி, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1. முதல் வீரரின் 40 ரசிகர்களும் அடுத்த விருப்பமாக இரண்டாமவரை எழுதுகிறார்கள். மூன்றாமவரின் 25 ரசிகர்களும் அப்படியே. இரண்டாமவரின் 35 பேர் அடுத்து மூன்றாமவரை எழுதுகிறார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டாமவருக்கு 235 புள்ளி, மூன்றாமவருக்கு 185, முதல் வீரருக்கு 180. ஒருவருடைய மனமும் மாறவில்லை, ஒரு வாக்கும் கூடவில்லை. ஆனால் முதலிடத்தில் இருந்தவர் கடைசிக்குப் போய்விட்டார்.

அந்த முதல் வீரரைப் போன்றவர்கள் நிஜத்தில் உண்டு. உயிராக நேசிக்கும் கூட்டம் ஒரு பக்கம், கண்டாலே ஆகாதவர்கள் இன்னொரு பக்கம். கெய்சுகே ஹோண்டாவைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். 2010, 2014, 2018 என மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்தவர், ஏசி மிலானில் 10-ஆம் எண் சட்டை போட்டவர், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவர். அப்படிப்பட்டவருக்கு நடுநிலையான ரசிகர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்த அமைதியான வீரர், புள்ளி முறையில் அவரை எளிதாகத் தாண்டிவிடுவார்.

கேள்வியின் சொற்களும் முக்கியம். 'பிடித்தவர்', 'சிறந்தவர்', 'அதிகம் அறியப்பட்டவர்', 'நம் காலத்தின் அடையாளம்' ஆகிய நான்கும் நான்கு கேள்விகள். 'சிறந்தவர்' என்று கேட்டால் பலர் ஹிடெதோஷி நகாதாவைச் சொல்வார்கள். 1998 உலகக் கோப்பை முடிந்த கையோடு இத்தாலியின் பெருஜாவுக்குப் போய், தன் முதல் லீக் ஆட்டத்திலேயே யுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர். 2001-இல் ரோமாவோடு இத்தாலிய லீக் பட்டம் வென்றவர். 2006 உலகக் கோப்பை முடிந்ததும் 29 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் ஊடகங்களிடமிருந்து அவர் தள்ளியே நின்றார். 'சிறந்தவர்' பட்டியலில் அவருக்குக் கிடைக்கும் இடம் 'பிடித்தவர்' பட்டியலிலும் அப்படியே கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது.

பெயர்களைக் கொடுத்து 'இவர்களில் யார்' என்று கேட்பதும், வெற்றுத்தாள் கொடுத்து 'நீங்களே எழுதுங்கள்' என்பதும்கூட வேறு வேறு விடைகளைத் தரும். வெற்றுத்தாளில் நினைவுக்குச் சட்டென்று வரும் பெயர்தான் விழும். நேற்று செய்தியில் வந்தவர் அங்கே ஜெயிப்பார்.

எந்த நாளில் கேட்டார்கள்

2018 ஜூன் 19. ரஷ்யாவின் சாரன்ஸ்க் நகரில் ஜப்பான் கொலம்பியாவை 2–1 என்று வென்றது. 73-ஆவது நிமிடத்தில் ஹோண்டா எடுத்த கார்னரைத் தலையால் முட்டி வெற்றி கோலாக்கினார் யூயா ஓசாகோ. அவர் பள்ளி மாணவராக இருந்தபோது, 2009 ஜனவரியில், தேசிய உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் பத்து கோல் அடித்துச் சாதனை படைத்தவர். அந்தப் போட்டியில் அவருடைய அணியிடம் தோற்ற ஒரு பள்ளியின் மாணவர், உடைமாற்றும் அறையில் அழுதுகொண்டே 'ஓசாகோ சாமானிய ஆள் இல்லை' என்று சொன்ன காட்சி தொலைக்காட்சியில் வந்திருந்தது. கொலம்பியா ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் பழைய வாக்கியம் நாடு முழுக்கப் பரவி, அந்த ஆண்டின் புகழ்பெற்ற சொற்றொடர்கள் பத்தில் ஒன்றாகத் தேர்வானது. ஜூன் 18-ஆம் தேதி ஒரு கருத்துக்கணிப்பு நடந்து, ஜூன் 20-ஆம் தேதி இன்னொன்று நடந்திருந்தால், இரண்டும் ஒரே வீரரைப் பற்றியவை என்று நம்பவே கஷ்டமாக இருக்கும்.

மிதோமாவுக்கு அந்த நாள் 2022 டிசம்பர் 1. கத்தாரில் ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டம். எல்லைக்கோட்டைத் தாண்டப்போன பந்தை அவர் எட்டி உதைத்து உள்ளே அனுப்ப, ஆவோ தனாகா அதைக் கோலாக்கினார். பந்தின் விளிம்பு கோட்டின் மேல் இன்னும் 1.88 மில்லிமீட்டர் இருந்தது என்று அளந்து சொன்னார்கள். ஜப்பான் 2–1 என்று வென்றது. அதற்கு முன்பே அவர் பிரைட்டன் கிளப்பின் வீரர்தான். சுகுபா பல்கலைக்கழகத்தில் பந்தைக் கடத்திச் செல்லும் கலையைப் பற்றியே ஆய்வேடு எழுதிய படிப்பாளிதான். ஆனால் அதெல்லாம் பரவலாகத் தெரியவந்தது அந்த 1.88 மில்லிமீட்டருக்கு அப்புறம்தான்.

உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் எடுத்த பட்டியலையும், லீக் ஓய்வில் இருக்கும் மாதத்தில் எடுத்த பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கேட்காமலே எடுக்கும் பட்டியல்கள்

யாரையும் கேட்காமல், ஏற்கெனவே இருக்கும் எண்களைக் கூட்டி 'பிரபலம்' என்று பெயர் வைப்பதும் உண்டு. சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எத்தனை ஜெர்சி விற்றது, சந்தை மதிப்பு எவ்வளவு என்று எடுப்பவை இவை.

சந்தை மதிப்பு இதில் சேரவே கூடாது. ஒரு வீரரை இன்று விற்றால் என்ன விலை போகும் என்ற மதிப்பீடு அது. வயது, ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம், ஆடும் லீக் எது என்பவற்றைப் பொறுத்து மாறும். 2023 இறுதியில் குபோவின் மதிப்பை 6 கோடி யூரோ என்று போட்டார்கள். ஷின்ஜி ககாவா 2010-இல் செரேசோ ஒசாகாவிலிருந்து டார்ட்மண்டுக்குப் போனபோது கொடுக்கப்பட்டது வெறும் 3.5 லட்சம் யூரோ. அந்த ககாவா அடுத்தடுத்து இரண்டு ஜெர்மன் லீக் பட்டங்கள் வென்று, டார்ட்மண்ட் ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஆளானார். விலையைப் பார்த்து அன்பை அளக்கவே முடியாது.

பின்தொடர்வோர் எண்ணிக்கை கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அது எந்த நாட்டு மக்களின் விருப்பம் என்பதைச் சொல்லாது. 2022-இல் இந்தோனேசியாவின் பிரதாமா அர்ஹான் டோக்கியோ வெர்டி கிளப்புக்கு வந்தார். உடனே அந்தக் கிளப்பின் இன்ஸ்டாகிராம் கணக்கைப் பின்தொடர்வோர் பல மடங்கு பெருகினார்கள். ஆடுகளத்தில் அவருக்குக் கிடைத்த வாய்ப்போ மிகக் குறைவு. 27 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாடு ஒன்று தன் பிள்ளையின் பின்னால் திரண்டு நின்றது, அவ்வளவுதான். ஜப்பானிய வீரர்களுக்கும் இது பொருந்தும். இங்கிலாந்து, ஸ்பெயின் கிளப்புகளில் ஆடுகிறவர்களுக்கு அந்தக் கிளப்பின் உலக ரசிகர்களும் சேர்ந்து வருகிறார்கள். ஜே லீக்கிலேயே இருபது ஆண்டு உழைத்தவருக்கு அந்தக் கூட்டம் கிடைக்காது. யாசுஹிதோ எண்டோ ஜே லீக்கின் முதல் பிரிவில் 672 ஆட்டங்கள் ஆடிச் சாதனை படைத்தவர். ஜே லீக் தன் 30-ஆம் ஆண்டு நிறைவில், 2023-இல், அந்த முப்பது ஆண்டுகளின் மிகச் சிறந்த வீரர் என்று அவரைத்தான் கௌரவித்தது. பின்தொடர்வோர் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் அவரைக் கீழே எங்கோ தேட வேண்டியிருக்கும். வாரா வாரம் மைதானத்துக்குப் போகிறவர்கள் அப்படி ஒரு பட்டியலை ஏற்கவே மாட்டார்கள்.

மியுராவின் இடம்

இந்த அளவுகோல்கள் எல்லாவற்றையும் திணறடிக்கும் ஒருவர் மியுரா. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

1967 பிப்ரவரி 26-இல் ஷிசுவோகாவில் பிறந்தவர். ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்தே இல்லாத காலத்தில், 1982-இல், பதினைந்து வயதில் தனியாகப் பிரேசிலுக்குப் போனார். 1986-இல் பெலேயின் கிளப்பான சாந்தோஸோடு தொழில்முறை ஒப்பந்தம் போட்டார். 1990-இல் நாடு திரும்பினார். 1993 மே 15-இல் ஜே லீக் தொடங்கியபோது டோக்கியோ தேசிய மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் அவருடைய வெர்டி கவாசாகி, யோகோஹாமா மரினோஸிடம் தோற்றது. ஆனால் அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். கோல் அடித்ததும் கால்களை வேகமாக மாற்றி மாற்றி வைத்து அவர் ஆடும் 'கசு டான்ஸ்' பள்ளி மைதானங்கள் வரைக்கும் பரவியது.

அதே ஆண்டு அக்டோபர் 28-இல் தோஹாவில் ஈராக்குக்கு எதிரான தகுதிச்சுற்று. வென்றால் ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடலாம். ஐந்தாவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தவர் மியுரா. 2–1 என்று முன்னிலையில் இருந்த ஜப்பான், கடைசிக் கணத்தில் ஒரு கோலை வாங்கி 2–2 என்று முடித்து வாய்ப்பை இழந்தது. ஜப்பானில் நள்ளிரவைத் தாண்டி முடிந்த அந்த ஒளிபரப்பை, டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ பகுதியில் 48.1 சதவீத வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாடே சேர்ந்து நொறுங்கிய இரவு அது. அந்த நினைவில் மியுராவின் முகமும் இருக்கிறது.

அப்புறம் இத்தாலியின் ஜெனோவா கிளப்பில் ஓராண்டு. 1996-இல் 23 கோல்களோடு ஜே லீக்கில் அதிக கோல் அடித்தவர். 1998-இல் ஜப்பான் ஒருவழியாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆட்டங்கள் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன், ஜூன் 2-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் பயிற்சி முகாமில் இருந்தபோது, பயிற்சியாளர் தகேஷி ஒகாடா இறுதிப் பட்டியலிலிருந்து மூவரை நீக்கினார். அதில் ஒருவர் மியுரா. 89 சர்வதேச ஆட்டங்களில் 55 கோல் அடித்தவர், உலகக் கோப்பை மைதானத்தில் கால் வைக்காமலே போனார்.

ஆட்டத் திறனை மட்டும் அளக்கும் எந்தப் பட்டியலும் இத்தோடு அவரை மெல்ல இறக்கிக்கொண்டே போயிருக்க வேண்டும். மக்கள் மனதில் நடந்தது வேறு. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகிழக்கு ஜப்பானைச் சிதைத்தன. மார்ச் 29-இல் ஒசாகாவில் ஜப்பான் தேசிய அணிக்கும் ஜே லீக் வீரர்களுக்கும் இடையே நிவாரண நிதிக்காக ஓர் ஆட்டம் நடந்தது. மாற்று வீரராக இறங்கிய 44 வயது மியுரா கோல் அடித்தார். அடித்துவிட்டு கசு டான்ஸ் ஆடினார். துயரத்தில் இருந்த நாட்டுக்கு முன்னால் ஆடலாமா என்று அவர் தயங்கவில்லை. அதைத்தான் அந்த நாடும் எதிர்பார்த்தது. 2017 மார்ச் 12-இல், ஐம்பது வயது முடிந்து பதினான்காம் நாள், யோகோஹாமா எஃப்சி அணிக்காகக் கோல் அடித்தார். தொழில்முறை லீக் ஆட்டம் ஒன்றில் கோல் அடித்த மிக வயதான வீரர் என்ற பெருமை, இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸிடமிருந்து அவருக்கு வந்தது. அவருடைய சட்டை எண் 11. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் செய்தியை அந்தக் கிளப் ஜனவரி 11-ஆம் தேதி காலை 11 மணி 11 நிமிடத்துக்கு வெளியிட்டு வந்தது.

இப்படி ஒருவரை எந்த எண்ணால் அளப்பது? 'இப்போது சிறப்பாக ஆடுகிறவர் யார்' என்று கேட்டால் அவர் பெயர் வராது. 'கால்பந்து வீரர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள்' என்று ஐம்பது, அறுபது வயதுக்காரர்களிடம் வெற்றுத்தாள் கொடுத்தால் அவர் பெயர் மழையாகக் கொட்டும். வயதுவாரியாகப் பிரித்துப் போடாத பட்டியலில் இந்த இரண்டும் கலந்து, நடுவே ஏதோ ஓர் இடத்தில் அவர் நிற்பார். அந்த நடு இடம் எந்தத் தலைமுறையின் மனதையும் சொல்லாத எண். அதனால்தான், வயது வாரியான விவரம் இல்லாத பட்டியலைவிட அது உள்ள சிறு கணக்கெடுப்பை நான் மதிக்கிறேன்.

பட்டியலில் இல்லாதவர்

பிரபலப் பட்டியல்களில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. 'ஜப்பானின் கால்பந்து வீரர்கள்' என்று தலைப்புப் போட்டுவிட்டு ஆண்களை மட்டும் வரிசைப்படுத்துவது.

ஹோமாரே சாவா 1995 முதல் 2015 வரை ஆறு உலகக் கோப்பைகளில் ஆடியவர். ஜப்பானுக்காக 205 ஆட்டங்கள், 83 கோல்கள். 2011 ஜூலை 17-இல் பிராங்பர்ட்டில் அமெரிக்காவுக்கு எதிரான இறுதி ஆட்டம், கூடுதல் நேரத்தில் 2–1 என்று கைநழுவிக்கொண்டிருந்தது. 117-ஆவது நிமிடத்தில் ஆயா மியாமா அடித்த கார்னரை, உடலைத் திருப்பிக் காலால் தட்டி வலைக்குள் அனுப்பினார் சாவா. பெனால்டியில் 3–1 என்று ஜப்பான் வென்றது. நிலநடுக்கம் நடந்து நான்கு மாதம் சற்றே கடந்திருந்த நேரம் அது. அந்தத் தொடரின் சிறந்த வீராங்கனை, அதிக கோல் அடித்தவர் ஆகிய இரண்டு விருதுகளும் அவருக்கே. அந்த ஆண்டின் உலகின் சிறந்த வீராங்கனையாகவும் ஃபிஃபா அவரைத் தேர்வு செய்தது. தேசிய அணிகளின் பயிற்சியாளர்களும் தலைவர்களும் பத்திரிகையாளர்களும் வாக்களித்த தேர்வு அது. ஜப்பானிய ஆண் வீரர் எவரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை.

ஆகவே ஒரு பட்டியல் கண்ணில் பட்டால் முதலிடத்தை அப்புறம் பாருங்கள். அடிக்குறிப்பில் தேதி இருக்கிறதா, எத்தனை பேர், குலுக்கலில் எடுத்தவர்களா தாமாக வந்தவர்களா, பெயர்கள் கொடுக்கப்பட்டனவா என்று முதலில் தேடுங்கள். பிறகு சாவாவின் பெயர் எங்கே என்று பாருங்கள். எங்குமே இல்லை என்றால், தலைப்பில் 'ஆண்கள்' என்பதைச் சேர்க்க மறந்திருக்கிறார்கள்.